சமூகப்பணி மாணவர்களுக்கு ஆய்வு முறைகள்: கேள்வி முதல் அறிக்கை வரை

சமூகப்பணி படிக்க வருகிறவர்களில் பலருக்கு ஆய்வு முறைகள் என்ற பாடத்தின் மேல் ஒரு கசப்பு உண்டு. மனிதர்களோடு வேலை செய்யத்தானே வந்தோம், இந்தக் கருதுகோளும் கை ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனையும் நமக்கு எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதனால் அதற்கான பதிலை முதலில் சொல்லிவிட்டு வேலைக்குப் போகலாம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939-இல் ஒரு திட்டம் தொடங்கியது. கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களிலிருந்து 506 சிறுவர்களை எடுத்து, வயது, குடும்பச் சூழல், நடத்தை எல்லாம் பார்த்து இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, நாணயத்தைச் சுண்டிப் போட்டு ஒருவரை உதவி பெறும் குழுவிலும் மற்றவரை எந்தத் தலையீடும் இல்லாத குழுவிலும் சேர்த்தார்கள். உதவி பெற்ற பையன்களுக்கு ஆலோசகர் வீடு தேடி வந்தார், பாடம் சொல்லித் தந்தார்கள், மருத்துவம் பார்த்தார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். சராசரியாக 5 ஆண்டுகள் இது நடந்தது. 30 ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டபோது, பதில் தந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தங்களுக்கு நல்லது செய்தது என்றே சொன்னார்கள். ஆனால் நீதிமன்றப் பதிவு, மருத்துவப் பதிவு, இறப்புப் பதிவு எல்லாவற்றையும் எடுத்து இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டபோது, பல விஷயங்களில் உதவி பெற்றவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. திரும்பத் திரும்பக் குற்றத்தில் சிக்கியது, குடிநோயின் அறிகுறிகள், முன்கூட்டியே வந்த சாவு என்று பட்டியல் நீண்டது. 1978-இல் வெளியான முடிவு இது.

நல்ல மனது, பயிற்சி பெற்ற ஆட்கள், நன்றி சொல்லும் பயனாளிகள், மூன்றும் இருந்தும் திட்டம் தோற்றிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாவிட்டால் அது யாருக்கும் தெரிந்தே இருக்காது. நாம் செய்யும் உதவி உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்க்க ஆய்வைத் தவிர வேறு வழி கிடையாது. சரி, இனி எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

1. தலைப்பை விடுங்கள், கேள்வியைப் பிடியுங்கள்

பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான், அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன். நெறியாளர் தலைப்பு கேட்கிறார், மாணவர் "மனநோயாளிகளைப் பராமரிப்போரின் பிரச்சினைகள் ஓர் ஆய்வு" என்று எழுதிக் கொடுக்கிறார், அதற்கு ஒப்புதலும் கிடைத்துவிடுகிறது. அடுத்த வாரமே கேள்வித்தாள் தயாராகிவிடும். அதில் 60 கேள்விகள் இருக்கும், தரவெல்லாம் வந்து சேர்ந்த பிறகு அதை வைத்து என்ன சொல்வது என்று ஒருவருக்கும் தெரியாது. ஏனென்றால் அந்தத் தலைப்புக்குள் கேள்வி என்று ஒன்று இல்லவே இல்லை.

கேள்வி என்றால் அதன் பதில் உங்களுக்கு இப்போது தெரியாமல் இருக்க வேண்டும், தேடினால் கிடைக்கவும் வேண்டும். மேலே சொன்ன தலைப்பையே எடுத்துக்கொள்வோம். பராமரிப்போருக்குப் பிரச்சினை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும், அதைக் கண்டுபிடிக்க 60 குடும்பங்களைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. அதே விஷயத்தை "மனச்சிதைவு நோய் உள்ள ஒருவரை வீட்டில் தனியாகப் பராமரிப்பவருக்கும், வேலையைப் பகிர்ந்துகொள்ள இன்னொருவர் இருப்பவருக்கும் மனச்சுமையில் வேறுபாடு உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். யாரைப் பார்க்க வேண்டும், எதை அளக்க வேண்டும், எதோடு எதை ஒப்பிட வேண்டும் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்திலேயே வந்துவிட்டது. அல்லது "உதவி கிடைக்கும் நிலையிலும் சில பராமரிப்பாளர்கள் அதை ஏன் மறுக்கிறார்கள்?" என்றும் கேட்கலாம். இதற்கு எண் உதவாது, உட்கார்ந்து பேச வேண்டும். ஆக அளவுசார் ஆய்வா பண்புசார் ஆய்வா என்பதைக் கேள்வியே தீர்மானித்துவிடுகிறது. எனக்குக் கணக்கு வராது, அதனால் பண்புசார் ஆய்வு எடுக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 15 நேர்காணல்களை வரிவரியாக எழுதிப் பிரித்துப் பார்ப்பதைவிட சதவீதம் போடுவது எளிது.

கேள்வி சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. வினாநிரலில் கை வைப்பதற்கு முன் உங்கள் முடிவு அத்தியாயத்தில் வரப்போகும் அட்டவணைகளை வெறுமையாகப் போட்டுப் பாருங்கள். வரிசைத் தலைப்பு, நெடுவரிசைத் தலைப்பு எழுதிவிட்டு, எண் வரவேண்டிய கட்டங்களைக் காலியாக விடுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில், ஒரு பக்கம் தனியாகப் பராமரிப்பவர், பகிர்ந்து பராமரிப்பவர், மறுபக்கம் சுமை குறைவு, நடுத்தரம், அதிகம். இப்படி ஐந்தாறு காலி அட்டவணை போட முடிகிறது என்றால் கேள்வி தெளிவாக இருக்கிறது, அந்தக் கட்டங்களை நிரப்பத் தேவைப்படும் விஷயங்களை மட்டும் கேட்டால் போதும். போட முடியவில்லை என்றால் கேள்வியைத்தான் திருத்த வேண்டும். பண்புசார் ஆய்வு என்றால் அட்டவணைக்குப் பதிலாக, நேர்காணல் முடிந்ததும் உங்களால் எதைப் பற்றிப் பேச முடிய வேண்டும் என்று நான்கைந்து வரி எழுதிப் பார்க்கலாம்.

அப்புறம் நேரக் கணக்கு. ஒருவருக்கு 45 நிமிடம் என்றால் 60 பேருக்கு 45 மணி நேரம், இதில் போய் வருவதும் காத்திருப்பதும் சேரவில்லை. ஒரு மணி நேர ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்து முடிக்க, புதிதாகச் செய்பவருக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். கையில் இருக்கும் மாதங்களோடு இதை ஒப்பிட்டுவிட்டுக் கேள்வியைச் சுருக்குங்கள். சின்னக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைத்தால் அதுவே பெரிய விஷயம்.

2. முன்பே நடந்த ஆய்வுகளைப் படிப்பது

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி ஒதுக்கி அட்டவணை போடுங்கள். என்ன கேட்டார்கள், யாரிடம், எத்தனை பேர், எந்த அளவுகோல், என்ன கண்டார்கள், எங்கே ஓட்டை. இருபது வரி சேர்ந்ததும் ஒரு வடிவம் தெரியும். எல்லோரும் தாய்மார்களை மட்டுமே கேட்டிருப்பார்கள், தந்தையரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அங்கேதான் உங்கள் ஆய்வுக்கு இடம். "அவர் இவ்வாறு கூறுகிறார், இவர் இவ்வாறு கூறுகிறார்" என்று சுருக்கங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது மீளாய்வு ஆகாது. கருத்து ஒத்துப்போகும் ஆய்வுகளை ஒரு பத்தியில் சேர்த்து, முரண்படுகிறவற்றை அடுத்த பத்தியில் வைத்து, ஏன் முரண்படுகின்றன என்று உங்கள் யூகத்தையும் எழுதுங்கள்.

3. எதை ஆராய்கிறீர்கள், அதை எப்படி அளப்பீர்கள்

இதில் இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது ஆய்வு அலகு. தனிமனிதரா, குடும்பமா, குழுவா, ஊரா? வில்லியம் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950-இல் ஒரு வேடிக்கையைக் காட்டினார். 1930-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மாநிலவாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் இருந்த மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகம். அப்படியானால் குடியேறியவர்கள் நன்றாகப் படித்தவர்கள் என்று தோன்றும். தனிமனிதர்களாகப் பிரித்துப் பார்த்தால் நேர்மாறாக இருந்தது, குடியேறியவர்களிடம் எழுத்தறிவு குறைவு, அவ்வளவுதான், அவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களாகப் பார்த்துக் குடியேறியிருந்தார்கள். ஊர் அளவில் கிடைத்த தரவை வைத்து அந்த ஊரில் இருக்கும் ஒரு மனிதரைப் பற்றிப் பேசக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. குடும்பத்தலைவர் ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு "குடும்பத்தினரின் மனநிலை" என்று எழுதுவதும் இதே வகைத் தவறுதான்.

இரண்டாவது, செயல்பாட்டு வரையறை. மனச்சுமை, தன்மதிப்பு, சமூக ஆதரவு இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாதவை. உங்கள் ஆய்வில் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது, எந்தக் கேள்விகளுக்கான பதில்களைக் கூட்டி அதைப் பெறுகிறீர்கள் என்று எழுதியாக வேண்டும். "மனச்சுமை என்றால் மனத்தில் ஏற்படும் சுமை" என்று எழுதி வைத்த அறிக்கைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். அகராதிப் பொருள் வேண்டாம், அளக்கும் முறையைச் சொல்லுங்கள்.

முடிந்தவரை ஏற்கெனவே சோதிக்கப்பட்ட அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். தன்மதிப்புக்கு ரோசன்பர்க் 1965-இல் தந்த 10 கூற்று அளவுகோல் இருக்கிறது, பராமரிப்புச் சுமைக்கு சாரிட் அளவுகோல் 22 கேள்விகளோடு பரவலாகப் புழங்குகிறது. பயன்படுத்த அனுமதி வேண்டுமா என்று பார்த்துவிடுங்கள், சிலவற்றுக்கு உரிமம் உண்டு. வேறு மொழியில் இருந்தால் ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோக, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதுதான் வழக்கம். ரோசன்பர்க் அளவுகோலில் பாதிக் கூற்றுகள் எதிர்மறையானவை, மதிப்பெண்ணைத் தலைகீழாக மாற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். இதை மறந்துவிட்டால் தன்மதிப்பு மிகுந்தவரும் குறைந்தவரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்.

நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று இரண்டு சொற்கள் தேர்வுக்குத் தேர்வு வரும். ஒரே ஆளை ஒரே நிலையில் மறுபடி அளந்தால் ஒரே விடை வருவது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்பது ஏற்புடைமை. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் போகலாம்: எப்போதும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும் தராசு நம்பகமானது, சொல்வது மட்டும் பொய்.

4. ஆய்வு வடிவமைப்பு

விவரிக்கும் ஆய்வு, புதிதாகத் தேடும் ஆய்வு, காரணத்தை விளக்கும் ஆய்வு என்று மூன்றாகப் பிரித்துப் பாடத்தில் சொல்வார்கள். மாணவர்கள் செய்வது பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஒரே முறை தரவு எடுக்கும் குறுக்குவெட்டு ஆய்வு. அதில் தவறில்லை. ஆனால் அதை வைத்துக் காரணம் பேச முடியாது. தனிமையில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் என்று கண்டீர்கள், சரி. தனிமையால் சோர்வு வந்ததா, சோர்வு வந்ததால் ஆட்கள் விலகிப் போனார்களா, அல்லது நோய் என்ற மூன்றாவது ஒன்று இரண்டையும் கொண்டுவந்ததா? ஒரே நாளில் எடுத்த தரவு இதற்குப் பதில் சொல்லாது. "தொடர்பு காணப்படுகிறது" என்று எழுதி நிறுத்துங்கள்.

தலையீடு செய்து பார்க்கிறீர்கள் என்றால் முன்னும் பின்னும் அளந்தால் மட்டும் போதாது. மிக மோசமான நாட்களில்தான் மக்கள் உதவி தேடி வருகிறார்கள், நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் ஓரளவு தேறியிருப்பார்கள். அந்தத் தேறுதலை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாமல் இருக்கத்தான் ஒப்பீட்டுக் குழு. உதவியை மறுப்பது நெறிக்கு ஒவ்வாது என்று தோன்றினால், காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களை ஒப்பீட்டுக் குழுவாக வைத்து அவர்களுக்குப் பிறகு அதே சேவையைக் கொடுக்கலாம்.

சமூகப்பணிக்கென்றே பொருந்தும் ஒரு வடிவம் உண்டு, ஆனால் மாணவர்கள் அதைத் தொடுவதே இல்லை. ஒற்றை நபர் வடிவமைப்பு. களப்பணியில் கையில் இருக்கும் ஒரே ஒரு பயனாளியை வைத்தே இதைச் செய்யலாம். பள்ளிக்கு அடிக்கடி வராத ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையீடு தொடங்கும் முன் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறான் என்று சில வாரங்கள் குறித்துக்கொள்ளுங்கள், இதுதான் அடிப்படைக் கட்டம், குறைந்தது மூன்று அளவீடாவது வேண்டும், ஐந்து இருந்தால் நிம்மதி. பிறகு தலையீடு தொடங்கி அதே அளவீட்டைத் தொடருங்கள். வரைபடத்தில் புள்ளி வைத்து, தொடங்கிய நாளில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் மாற்றம் கண்ணுக்கே தெரியும். அடிப்படைக் கட்டத்திலேயே வருகை ஏறிக்கொண்டிருந்தால் அந்த ஏற்றத்துக்கு நீங்கள் சொந்தம் கொண்டாட முடியாது. தற்கொலை எண்ணம், வன்முறை போன்ற அவசர நிலைகளில் அடிப்படை அளவீட்டுக்காகக் காத்திருக்கவே கூடாது, உடனே இறங்குங்கள், அளவீடு பிறகு.

5. யாரைக் கேட்பது, எத்தனை பேரை

மாதிரி, அதாவது நாம் கேட்கத் தேர்ந்தெடுக்கும் ஆட்களின் தொகுப்பு, பெரிதாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை 1936-இல் ஓர் அமெரிக்க இதழ் நிரந்தரமாகக் குலைத்தது. அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜெஸ்ட் இதழ் சுமார் 1 கோடிப் பேருக்குக் கருத்துக்கணிப்புச் சீட்டு அனுப்பியது, 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவேடு போன்றவற்றிலிருந்து எடுத்திருந்தார்கள், பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதி படைத்தவர்களின் பட்டியல். போதாததற்குப் பதில் அனுப்பியவர்கள் ஒரு ரகம், அனுப்பாதவர்கள் வேறு ரகம்.

எனவே முதலில் யாருடைய பட்டியல் என்று கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் பதிவேட்டில் 240 பேர் இருக்கிறார்கள், உங்களுக்கு 60 பேர் வேண்டும் என்றால், 1 முதல் 4 வரை ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு நான்காவது பெயரையும் எடுங்கள். முறைசார் மாதிரி என்பது இவ்வளவுதான். ஆண் பெண் இரு பாலரும் போதிய அளவு வர வேண்டுமென்றால் பட்டியலை முதலில் இரண்டாகப் பிரித்துவிட்டு ஒவ்வொன்றிலும் குலுக்குங்கள், அது அடுக்கு மாதிரி. எந்த முறையில் எடுத்தாலும் பதிவேட்டுக்கு வெளியே இருப்பவர்கள், அதாவது உதவி தேடியே வராதவர்கள், உங்கள் ஆய்வில் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

பட்டியலே கிடையாது, போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள், தெருவில் வசிப்பவர்கள் போன்றோரைத் தேட வேண்டும் என்றால் ஒருவர் மூலம் இன்னொருவரைப் பிடிக்கும் பனிப்பந்து முறைதான் வழி. ஒரே ஆளிடம் தொடங்கினால் ஒரே நட்பு வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பீர்கள், தொடர்பில்லாத மூன்று நான்கு பேரிடமிருந்து தொடங்குங்கள். நம் கைக்கு எட்டியவர்களை மட்டும் கேட்டிருந்தால் அது வசதி மாதிரி என்று வெளிப்படையாக எழுதுங்கள். அதற்கு "சமவாய்ப்பு மாதிரி", அதாவது குலுக்கல் முறையில் எடுத்த மாதிரி, என்று பெயர் சூட்டுவதுதான் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வதற்கு மிகச் சுலபமான வழி.

எத்தனை பேர் என்பதற்கு 384 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். மிகப் பெரிய மக்கள்தொகையில் ஒரு சதவீதத்தை 95% நம்பிக்கையோடு 5% பிழைக்குள் மதிப்பிட அவ்வளவு வேண்டும், விடை பாதிக்குப் பாதியாக இருக்கலாம் என்று கொண்டு. மொத்தமே 1000 பேர் என்றால் 278 போதும், 200 பேர் என்றால் 132. இந்த எண்கள் எல்லாமே சமவாய்ப்பு மாதிரிக்கு மட்டும்தான் பொருந்தும். வசதி மாதிரியில் 384 பேரைப் பிடித்துவிட்டு இந்தச் சூத்திரத்தை எழுதுவதில் அர்த்தமே இல்லை. பண்புசார் ஆய்வில் புதிதாக எதுவும் வராத கட்டம் வரை போவார்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வு தன்னிடம் இருந்த 60 நேர்காணல்களைத் திரும்பப் பார்த்தபோது, முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான கருப்பொருள்கள் வந்துவிட்டன என்றது. அங்கே பேசியவர்கள் ஏறத்தாழ ஒரே மாதிரி வாழ்நிலை கொண்ட பெண்கள். உங்கள் ஆட்கள் பலதரப்பட்டவர்கள் என்றால் 12 போதாது.

6. கேள்விகளை எழுதுவது

ஒரு கேள்வியில் ஒரு விஷயம். "சிகிச்சையும் ஆலோசனையும் திருப்தியாக இருந்தனவா?" என்றால் சிகிச்சை பிடித்து ஆலோசனை பிடிக்காதவர் என்ன சொல்வார்? காலத்தைக் குறிப்பிடுங்கள், "அடிக்கடி" என்பது ஆளுக்கு ஆள் மாறும், "கடந்த 7 நாட்களில் எத்தனை நாள்" என்பது மாறாது. வயதையும் வருமானத்தையும் எண்ணாகவே கேட்டு எழுதுங்கள், பிரிவுகளாக்குவதைப் பிறகு செய்யலாம், பிரிவாகக் கேட்டுவிட்டால் சராசரி எடுக்க வழியில்லை. வருமானம் சொல்லத் தயங்குபவர்களுக்கு மட்டும் பிரிவு கொடுங்கள். "குழந்தையை அடிப்பீர்களா?" என்று நேராகக் கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். "குழந்தை சொல் கேட்காதபோது பெற்றோர் பலவிதமாக நடந்துகொள்வார்கள், கடந்த வாரம் நீங்கள் என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

எளிதான கேள்வி முதலில், சங்கடமானது நடுவுக்குப் பிறகு, ஆறுதலான ஒன்று கடைசியில். எழுதியதும் மாதிரியில் வராத ஏழெட்டுப் பேரிடம் சோதித்துப் பாருங்கள். பதிலை மட்டும் குறிக்காமல் "இந்தக் கேள்வியை நான் எதற்குக் கேட்கிறேன் என்று நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். பாதிக் கேள்விகள் அன்றே மாறிவிடும். முன்சோதனையில் பேசியவர்களை முதன்மை ஆய்வில் சேர்க்க வேண்டாம்.

நேர்காணல் வழிகாட்டி என்றால் எட்டுப் பத்துத் திறந்த கேள்விகள் போதும். "அந்த நாளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பது நல்ல கேள்வி. "ஏன்?" என்று கேட்டால் பலருக்கு விசாரணை போலத் தோன்றும், "அதற்கு முன் என்ன நடந்தது?" என்று கேட்டாலே காரணம் தானாக வரும்.

7. நெறி

அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை டஸ்கீகி என்ற ஊரில் நடத்திய ஆய்வில் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயிருந்த 399 கறுப்பின ஆண்களையும் நோயில்லாத 201 பேரையும் தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருந்தார்கள். என்ன நோய் என்று அவர்களிடம் சொல்லவில்லை. 1940-களின் கடைசியில் பெனிசிலின் வழக்கமான சிகிச்சையாகிவிட்ட பிறகும் கொடுக்கவில்லை. செய்தி வெளியானதால் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக 1979-இல் வந்ததுதான் பெல்மாண்ட் அறிக்கை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அது மூன்று நெறிகளை வகுத்தது: மனிதர்களை மதித்தல், தீங்கு தவிர்த்து நன்மை தேடல், சுமையும் பயனும் நியாயமாகப் பங்கிடப்படுதல்.

நமக்கு வரும் சிக்கல் இவ்வளவு கொடூரமாக இருக்காது, ஆனால் நுட்பமாக இருக்கும். களப்பணிக்குப் போன நிறுவனத்திலேயே ஆய்வும் செய்கிறீர்கள். உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவரும் நீங்கள்தான், ஒப்புதல் படிவத்தோடு நிற்பவரும் நீங்கள்தான். அந்த அம்மா முடியாது என்று எப்படிச் சொல்வார்? கூடுமானவரை உங்கள் கவனிப்பில் இல்லாதவர்களை எடுங்கள், முடியாவிட்டால் ஒப்புதலை வேறொருவர் வாங்கட்டும், பங்கேற்காவிட்டாலும் சேவை குறையாது என்பதை வாயாலும் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, சாட்சி வைத்து ஒப்புதல் பெறலாம். குழந்தை என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்புதலோடு குழந்தையின் சம்மதமும் வேண்டும், அப்பா சரி என்றும் குழந்தை வேண்டாம் என்றும் சொன்னால் வேண்டாம்தான்.

இரகசியம் காப்பேன் என்று சொல்லும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிடுங்கள். குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிந்தாலோ, ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றாலோ உரியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதைப் பேச்சு தொடங்கும் முன் சொல்ல வேண்டும், பேசி முடித்த பிறகு சொன்னால் அது துரோகம். பேசும்போது ஒருவர் உடைந்து அழுதால் நேர்காணலை நிறுத்துங்கள். எங்கே அனுப்பலாம் என்ற உதவி மையங்களின் பட்டியல் உங்கள் பையில் எப்போதும் இருக்கட்டும். அந்த நேரத்தில் அவருக்குச் சிகிச்சை தரத் தொடங்குவது உங்கள் வேலை இல்லை, ஆனாலும் எழுந்து போய்விடவும் கூடாது. நெறிக்குழு ஒப்புதல் கிடைக்கும் முன் ஒரு கேள்வி கூடக் கேட்காதீர்கள்.

8. களத்தில்

ஒவ்வொரு படிவத்துக்கும் எண் கொடுங்கள், பெயர்ப் பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். அன்று எடுத்ததை அன்றே சரிபாருங்கள், விடுபட்ட பதில் அடுத்த வாரம் ஞாபகம் வராது. எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், மறுத்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லாத அறிக்கையை நான் நம்புவதில்லை. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் தந்த பதிலுக்கு மதிப்பு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், யார் உடன் இருந்தார் என்பதையும் குறித்துவிடுங்கள்.

9. தரவைப் பிரித்துப் பார்ப்பது

முதலில் ஒவ்வொரு மாறியையும், அதாவது வயது, வருமானம் போல ஆளுக்கு ஆள் மாறும் ஒவ்வொரு விவரத்தையும், தனித்தனியாகப் பாருங்கள். வயது 230 என்று ஒரு பதிவு கட்டாயம் இருக்கும். வருமானம் போல ஒருசிலரிடம் மட்டும் மிக அதிகமாக இருக்கும் விஷயத்துக்குச் சராசரியைவிட இடைநிலை அளவுதான் நேர்மையான படம் தரும். 30 பேர் மாதிரியில் ஒருவர் என்பது 3.3%, அங்கே "46.67 சதவீதத்தினர்" என்று தசமத்தோடு எழுதுவது வேடிக்கை, 30-இல் 14 பேர் என்று எழுதுங்கள்.

பிறகு காலியாக வைத்திருந்த அட்டவணைகளை நிரப்புங்கள். இரண்டு பிரிவு மாறிகளுக்கு இடையே தொடர்பு பார்க்க கை ஸ்கொயர், எதிர்பார்க்கும் எண்ணிக்கை பல கட்டங்களில் 5-க்குக் கீழ் போனால் அது பொருந்தாது. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட டி சோதனை, இரண்டு எண் மாறிகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க ஒட்டுறவு. இளநிலை, முதுநிலை ஆய்வுகளில் பெரும்பாலும் இவையே போதும்.

இந்தச் சோதனைகள் தரும் பி மதிப்பு 0.05-க்குக் கீழ் என்றால் கருதுகோள் நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. உண்மையில் வேறுபாடே இல்லாதிருந்தால் இப்படியோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு முடிவு தற்செயலாக வர வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான் அது சொல்வது. வேறுபாடு பெரியதா, யாருக்காவது பொருட்படுத்தத் தக்கதா என்பதையும் அது சொல்லாது. இன்னொன்று, எந்த உறவும் இல்லாத தரவில் 20 சோதனை போட்டால் சராசரியாக ஒன்று 0.05-க்குக் கீழே வந்து நிற்கும். மென்பொருளில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஓடவிட்டு 0.05-க்குக் கீழே என்று நட்சத்திரக் குறி விழுந்ததை மட்டும் எடுத்து எழுதுகிறவர்கள் இதைத்தான் அறுவடை செய்கிறார்கள். கேள்வி இல்லாமல் தொடங்கிய ஆய்வு கடைசியில் வந்து சேரும் இடமும் இதுதான்.

பண்புசார் தரவுக்கு, எழுதிய நேர்காணலை இரண்டு முறை முழுதாக வாசியுங்கள். மூன்றாம் முறை ஓரத்தில் சின்னக் குறிப்பாகக் குறியீடு போடுங்கள். "நான் இல்லாட்டி யார் பாப்பாங்க, அதனால எங்கயும் போறதில்ல" என்ற வரிக்கு "மாற்று ஆள் இல்லை", "நடமாட்டம் சுருங்கியது" என்று இரண்டு குறியீடு. எல்லாவற்றையும் பரப்பி ஒத்தவற்றைச் சேர்த்தால் கருப்பொருள் உருவாகும். உங்கள் கருத்துக்கு எதிராகப் பேசிய ஆளை ஒதுக்கிவிடாதீர்கள், அவரைச் சுற்றி ஒரு பத்தி எழுதுங்கள், பெரும்பாலும் அதுதான் அந்த அறிக்கையின் சிறந்த பத்தியாக இருக்கும். அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே மேற்கோள் காட்டுங்கள், உங்கள் உரைநடைக்கு மாற்றித் துடைத்துவிடாதீர்கள்.

10. எழுதுவது

முறையியல் அத்தியாயத்தை முதலில் எழுதிவிடுங்கள், களத்திலிருந்து வந்த சூட்டோடு. இன்னொருவர் அதை மட்டும் படித்துவிட்டு உங்கள் ஆய்வை அப்படியே திரும்பச் செய்ய முடிய வேண்டும். அட்டவணையில் இருப்பதையே கீழே வாக்கியமாக மறுபடி எழுதிப் பக்கம் நிரப்ப வேண்டாம், அந்த எண் ஏன் அப்படி வந்திருக்கும், முந்தைய ஆய்வுகளோடு எங்கே மோதுகிறது என்று எழுதுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஒன்றும் கிடைக்கவில்லை என்றே எழுதலாம், அதற்காக யாரும் மதிப்பெண் குறைக்கக் கூடாது. வரம்புகள் பகுதியில் "நேரம் போதவில்லை" என்பதை விட்டுவிட்டு, யாரெல்லாம் மாதிரியில் விடுபட்டார்கள், அதனால் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லுங்கள்.

பரிந்துரைகள் உங்கள் தரவிலிருந்து வர வேண்டும். "அரசு விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்" என்ற வரியை எந்த ஆய்வின் கடைசிப் பக்கத்திலும் ஒட்டலாம் என்பதாலேயே அது வெட்டப்பட வேண்டிய வரி. பகிர்ந்து பராமரிப்பவர்களுக்குச் சுமை குறைவு என்று கண்டிருந்தால், மாதத்தில் சில நாட்களாவது மாற்றுப் பராமரிப்புக்கு ஏற்பாடு செய்து பார்க்கலாம் என்று அந்த நிறுவனத்துக்கே எழுதுங்கள். அறிக்கையைச் சமர்ப்பித்ததும் இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்றை எளிய மொழியில் தயார் செய்து நிறுவனத்திடமும் பங்கேற்றவர்களிடமும் கொடுத்துவிடுங்கள், ஒப்புதல் படிவத்தில் சொன்ன தேதியில் ஒலிப்பதிவுகளை அழித்துவிடுங்கள்.